வாயில் வராத எழுத்து

ப்ரெஞ்சின் 'லியேஸோன்' ஏதோ உச்சரிப்பு நாகரிகம், பாஷை கற்பவன் கடைசியில் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாசாரம் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. கவிதை வாசிக்கிறவனுக்கு இந்த எண்ணம் உதவாது. ப்ரெஞ்ச் யாப்பின் கணக்கே இதன்மேல் நிற்கிறது.

ப்ரெஞ்சில் சொல்லின் ஈற்று மெய்கள் பல எழுத்தில் மட்டும் உயிரோடிருக்கின்றன. பேச்சில் உதிர்ந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. பன்மைச் சொல்லான 'லே'யின் ஈற்றில் ஒரு ஸகரம் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் அடுத்து வரும் சொல் உயிரில் தொடங்கினால் அது எழுந்து வருகிறது: 'லே'யும் 'அமி'யும் சேர்ந்தால் 'லேஜமி', நண்பர்கள். (இந்த ஜ, ஜீரோவில் நாம் எழுதிச் சமாளிக்கிற ஜ.) மொழியியலாரும் இதைச் சந்தி என்றே வகைப்படுத்துகிறார்கள். நம்முடைய வல்லினம் மிகுதல் நிலைமொழியில் இல்லாத மெய்யைக் கொண்டுவந்து எழுதியும் காட்டுகிறது. அவர்களுடையது தலைகீழ்: எப்போதும் எழுதப்பட்டிருப்பது, சில இடங்களில் மட்டும் கேட்பது.

எந்த இடங்களில் என்பதில்தான் சூட்சுமம். 'ஸவான்' என்றால் அறிஞர், கற்றறிந்த என்று இரண்டு அர்த்தமும் உண்டு. 'அவேக்ல்' குருடர், குருடான. இரண்டையும் தகரம் கொடுத்து இணைத்தால் கற்றறிந்த குருடர். இணைக்காமல் விட்டால் குருடரான அறிஞர். எழுத்தில் இரண்டும் ஒன்றே. எது பெயர், எது அடை என்பதை ஒரு மெய் தீர்மானிக்கிறது. 'எரோ', வீரன், ஹகரத்தில் எழுதப்படும் சொல். அதன் முன் இணைப்பு கூடாது. மீறினால் வீரர்கள் ஜீரோக்களாகிவிடுவார்கள். வீராங்கனைகளுக்கு மட்டும் இந்தத் தடை இல்லை!

செய்யுளுக்கு வருவோம். 'பெல் ஆம்', அழகிய ஆன்மா, இரண்டு அசை. பன்மையிலும் பேச்சில் இரண்டுதான்: 'பெல்-ஜாம்'. ரஸீனின் 12 அசை அடியில் அதே பன்மை 'பெ-லெ-ஜாம்' என்று மூன்று அசையாகிறது. ஸகரம் இடையில் வந்து நிற்பதால் பேச்சில் கரைந்துபோகிற எகரம் கரைய வழியில்லை. பன்மை இங்கே இலக்கணக் குறி மட்டுமல்ல, கால அளவு. அரங்கில் நடிகன் பேச்சு வழக்கில் சொல்லிவிட்டால் அடி 11 அசையோடு நொண்டும். எதுகை விதி இன்னும் விசித்திரம். பழைய யாப்பில் ஒருமை பன்மையோடு இயைவதில்லை. காதில் இரண்டும் ஒன்றாக ஒலித்தாலும் பயனில்லை. அடியின் ஈற்றில் இணைய எதுவுமே இல்லாதபோதும், இணைந்தால் என்ன ஒலிக்குமோ அதை வைத்துத் தீர்ப்பு.

இதில் வெறும் படாடோபம் உண்டா? உண்டு. இல்லாத ஜகரத்தை நுழைத்துப் பேசுகிறவனை 'வெல்வெட்' என்றும், தகரத்தை நுழைப்பவனை 'தோல்' என்றும் பரிகசிப்பார்கள்; பள்ளிப்படிப்பு குறைந்தவன்மேல் ஏவப்படும் பரிகாசம் இது. படித்தவர் லட்சணமும் அப்படியொன்றுமில்லை. மொழியியலாளர் பியேர் ஆன்க்ரெவே 1988-ல் வெளியிட்ட நூலில் அரசியல்வாதிகளின் பேச்சை ஆராய்ந்தார். அவர்கள் ஈற்று மெய்யைச் சொல்லிவிட்டு, அடுத்த உயிரோடு சேர்க்காமல் நிறுத்துகிறார்கள். இணைப்பதற்கென்று பிறந்த ஒலி, எழுத்தறிவைக் காட்டிக்கொள்ளும் ஒலியாகிவிட்டது.

அப்பொலினேர் 1913-ல் வெளிவந்த 'அல்கூல்' தொகுப்பின் ப்ரூஃபில் நிறுத்தற்குறிகளை அடியோடு எடுத்தார். இதைப் புதுமைச் சேஷ்டையாக மட்டும் பார்ப்பது மேலோட்டமானது. காற்புள்ளி இருந்தால் நின்று இணைப்பை விட்டுவிடலாம். அது போனபின், எங்கே நிற்பது, எந்த மெய்யை எழுப்புவது என்ற பொறுப்பு வாசகன் நாக்கிற்கு வந்துவிடுகிறது. வாசிப்பதே வியாக்யானம். அதே ஆண்டு அவர் தம் கவிதையைத் தாமே வாசித்துப் பதிவு செய்ததும் தற்செயலான அக்கறை அல்ல என்று நினைக்கிறேன்.

நமக்கு போதலேர் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்திருக்கிறார். வந்து சேர்ந்தவை படிமங்கள். கறாரான அசைக்கணக்கில் எழுதியவரை வசன ஓட்டத்துக்கு முன்னோடியாக்கி நாம் சண்டை போட்டது போதும். அவர் வசனகவிதையும் எழுதினார், ஆனால் அது வேறு நூல்.

அமெரிக்காவில் பிறந்து ப்ரெஞ்சில் படமெடுக்கும் யூஜின் கிரீன் தம் நடிகர்களை ஒரு இணைப்பும் விடாமல் பேசவைக்கிறார். 2004-ல் வந்த அவருடைய 'ல போன் தேஜார்' 1979-80 காலத்து இளைஞர்களின் கதை. காப்பிக்கடைப் பேச்சில்கூட எல்லா மெய்யும் ஒலிக்கிறது. முதல் பத்து நிமிஷம் சிரிப்பு வரும். பிறகு, பாத்திரங்கள் ஒருவர் சொல்லை ஒருவர் தவறவிடாமல் கேட்கிறார்கள் என்பது உறைக்கத் தொடங்குகிறது.