ஒரே தழும்பு, வேறு வேறு உடம்பு

கறுப்பிலக்கியம் நமக்குப் புதுசில்லை. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸைத் தொடங்கியவர்கள் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்தார்கள். ஆனால் நாம் எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதி முஷ்டி உயர்த்திய ஆண் எழுத்து. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து ஒரு கறுப்புப் பெண் எழுதியதைக் காட்டினால், "இது சீக்கு பத்தின புஸ்தகம்தானே தோழர்?" என்கிறார்கள். இல்லை தோழர், இது துணை பற்றிய புத்தகம். அடிபட்டுக் கிடக்கிறவளுக்குத் துணையாக யார் வருவது, வந்து என்ன கேட்பது என்பது பற்றிய புத்தகம்.

ஆட்ரி லார்ட் 1934இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெற்றோர் கரீபியத் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கவிஞர், பெண்ணை நேசித்த பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இளம் வயதில் எக்ஸ்ரே எந்திரத்தை வைத்துப் படிகக் கற்களைப் பிரிக்கும் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தார். அங்கே உழைத்தவர்களில் கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் ஏராளம். அந்தக் கதிரின் ஆபத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 1978 செப்டம்பரில் மார்பகப் புற்றுநோய்க்காக அவருடைய மார்பு ஒன்றை அகற்றினார்கள். அந்த நாட்களின் குறிப்புகளும் அதன்மேல் எழுப்பிய கட்டுரைகளும்தான் 1980இல் வந்த 'தி கேன்சர் ஜர்னல்ஸ்'.

அறுவை முடிந்த சில நாளில் ஒரு பெண் பார்க்க வருகிறார். அவருக்கும் இதே அறுவை நடந்திருக்கிறது. 'ரீச் டு ரெக்கவரி' என்ற அமைப்பின் தொண்டர். நல்ல மனுஷிதான். கையில் ஆட்டு ரோமம் அடைத்த வெளிர்சிவப்புத் திண்டு ஒன்று. இதை உள்ளே வைத்துக்கொண்டால் யாருக்கும் வித்தியாசமே தெரியாது என்கிறார். ஆண்களுக்கு முன்னால் எப்படித் தோன்றுவது என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. லார்டுக்கோ சாவு பயம். பிள்ளைகளிடம் என்ன சொல்வது, தன் இணையரை இந்த உடம்போடு எப்படித் தழுவுவது என்ற கேள்விகள். திண்டை வைத்துப் பார்க்கிறார். அவர் தோலின் நிறத்துக்கும் அதன் நிறத்துக்கும் ஒட்டவில்லை. வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் செய்த ஆறுதல் அது.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கப் போகிறார். திண்டு இல்லை. அலுவலகத்தின் மனத்தெம்பு கெட்டுவிடும், ஏதாவது வைத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார் நர்ஸ். போரில் கண்ணிழந்து கறுப்புப் பட்டை கட்டிய இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானிடம் யாராவது கண்ணாடிக் கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்களா என்று லார்ட் எழுதுகிறார். ஆணின் தழும்பு வீரம். பெண்ணின் தழும்பு மற்றவர் மனசைக் கெடுக்கிற சமாச்சாரம்.

இந்த இடத்தை நாம் நன்றாக அறிவோம். சொந்த ஊரின் பெயரை மழுப்பிச் சொன்னால் வாடகைக்கு வீடு கிடைக்கிறது. "அதையெல்லாம் ஏன் வெளிய சொல்லிக்கிட்டு?" என்று நல்லெண்ணத்தோடு கேட்கிற நண்பர்கள் நமக்கும் இருக்கிறார்கள். நம் காயம் அவர்கள் கண்ணில் படாமல் இருந்தால் அவர்களுக்கு நிம்மதி.

ஆனால் அந்தத் தொண்டரை எதிரியாக்கி வாசிப்பது சரியில்லை. அந்த அமைப்பை 1952இல் தொடங்கிய டெரீஸ் லாசர் மார்பை இழந்தவர். கையை எப்படித் தூக்குவது, எந்த உள்ளாடை போடுவது என்றுகூட யாரும் சொல்லாத காலத்தில், அனுபவப்பட்டவளே அடுத்தவள் கட்டிலுக்கு வரவேண்டும் என்று போராடியவர். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தபின் தோள் இறுகும், கை வீங்கும். கிணற்றில் இறைக்கிறவளுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் அது பிழைப்பே போகிற பிரச்சினை. அதைச் சொல்லிக்கொடுக்க டாக்டரைவிட அனுபவப்பட்டவளே மேல். லாசர் திறந்த கதவு பெரிசு. அது ஒரே மாதிரிப் பெண்ணுக்காகத் திறந்தது என்பதுதான் லார்டின் விமர்சனம்.

லார்டிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அவர் கல்லூரி ஆசிரியர். சூழ்ந்து நிற்க இணையரும் தோழிகளும் இருந்தார்கள். அவர்களுடைய அன்புதான் தன்னைத் தாங்கியது என்று எழுதுகிறார். மறுவாரமே அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவள், பஸ்ஸில் உற்றுப் பார்க்கிறவன் கண்ணுக்குத் தப்பத் திண்டு வைத்தால், அதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியுமா? முடியாது. லார்டை கவனமாக வாசித்தால் அவர் கோபம் வைத்துக்கொள்கிறவள் மீது இல்லை. வைத்துக்கொள் என்று உத்தரவு போடுகிற ஒழுங்கின் மீது. அழுது முடிப்பதற்குள் மூடச் சொல்வதைத்தான் அவர் மறுக்கிறார்.

தனக்கு முன்மாதிரி தேடியவர், மார்பை அறுத்துக்கொண்டு வில்லேந்தியதாகச் சொல்லப்படும் டஹோமி வீராங்கனைகளிடம் போனார். எம்.ஏ. தமிழ் படித்த எனக்குக் கண்ணகி ஞாபகம் வருகிறாள். ஒரு மார்பை இழந்து வேங்கை மர நிழலில் நின்றவளை முதலில் கண்டு குரவை ஆடியவர்கள் குன்றக் குறவர்கள். சேரன் பிறகுதான் கல்லெடுக்கப் போனான். கோயிலில் வைத்த பிறகு அவளால் யாருக்கும் கை தூக்கச் சொல்லித்தர முடியாது. நமக்கு வேண்டியது தெய்வமில்லை, பக்கத்தில் உட்காருகிற இன்னொருத்தி.

நோய் 1984இல் லார்டின் ஈரலுக்குப் பரவியது. 1992இல் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1994இல், ஹூஸ்டனில் கறுப்புப் பெண்கள் தங்களுக்கென்று 'சிஸ்டர்ஸ் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தேவை இருந்தது, இன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் வெள்ளைப் பெண்களைவிடக் கறுப்புப் பெண்களுக்கு இந்த நோய் வருவது சற்றுக் குறைவு. ஆனால் அவர்கள் இதில் இறக்கும் விகிதம் ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். தழும்பு ஒன்றுதான், சாவு ஒன்றாக இல்லை.

நம் சாட்சிய இலக்கியம் அடியை எழுதியிருக்கிறது, பசியை எழுதியிருக்கிறது. ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்துக் கிடக்கிற நம் பெண்ணின் உடம்பை இன்னும் போதுமான அளவு எழுதவில்லை. அவள் பேச ஆரம்பித்தால் நாம் என்ன செய்வோம்? நாமும் ஒரு திண்டை எடுத்துக்கொண்டு போவோமா? இயக்கக் கூட்டங்களில் இந்தக் கேள்வியைப் போடுங்கள் தோழர்களே.