2.2 விநாடியும் யூமா வாய்க்காலும்

பெரிய வேளாண் நிறுவனங்களுக்கு பிளாக்செயின் தேவை என்று வாதாடுகிறவர்கள் கடைசியில் அமெரிக்கச் சில்லறைக் கடை வால்மார்ட்டின் மாம்பழத் துண்டுகளில்தான் வந்து நிற்கிறார்கள். அந்தப் பழம் எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்று தேடிப் பிடிக்க ஏறக்குறைய ஏழு நாள் ஆனது. ஐபிஎம்மின் பிளாக்செயினில் ஏற்றியதும் 2.2 விநாடி. சரி, அந்த ஏழு நாளைத் தின்றது எது? ஒவ்வொரு கை மாறும்போதும் ஆளுக்கொரு விதமாக வைத்திருந்த கணக்குதான். எல்லோரும் ஒரே முறையில் கணினியில் பதிந்திருந்தால் சாதாரண டேட்டாபேஸே போதும்.

பயனே இல்லை என்று சொல்லவில்லை. கார்கில், லூயி டிரைஃபஸ் போன்ற தானியப் பெருவணிகர்கள் சேர்ந்து தொடங்கிய கோவாண்டிஸ் என்ற பிளாக்செயின் தளத்தில் கப்பல் ஆவணங்கள் கைமாறுகின்றன. போட்டியாளர்களுக்குள் யாரும் பிறகு திருத்த முடியாத பேரேடு இருப்பது நல்லதே.

ஆனால் பிளாக்செயின் காப்பது பதிந்த பிறகுள்ள வரியை. பதியும்போதே அது பொய்யென்றால் பொய் கல்வெட்டாகிவிடும். பொய் கூட வேண்டாம், பதியாமல் விட்டதே போதும். 2018-இல் அமெரிக்காவில் ரோமெய்ன் லெட்யூஸ் என்ற கீரையைத் தின்று 210 பேர் ஈ.கோலை தொற்றுக்கு ஆளானார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். தடம் பிடித்துப் போனால் அரிசோனாவின் யூமா பகுதியில் ஒரு பண்ணை அல்ல, 23 பண்ணைகள். அதே கிருமி அகப்பட்டது பாசன வாய்க்கால் தண்ணீரில். பக்கத்திலேயே லட்சம் மாடுகளுக்கு மேல் அடைக்கக்கூடிய தீவனப்பட்டி. அதே ஆண்டு செப்டம்பரில் வால்மார்ட் கீரை தருவோரையெல்லாம் ஓராண்டுக்குள் பிளாக்செயினுக்கு வரச் சொன்னது. வந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பெட்டி எண், அறுவடைத் தேதி, லாரி எல்லாம் கச்சிதமாக ஏறியிருக்கும். வாய்க்காலில் என்ன ஓடியது என்று எந்தக் கட்டத்தில் யார் நிரப்புவது?

பதிகிற வேலையும் செலவும் விளைவிப்பவன் தலையில். பதிவைக் காட்டிப் பெயர் வாங்குவது கடைக்காரர். அந்தப் பேரேட்டுக்குள் யார் வரலாம் என்று விதிப்பதும் அதே கடைக்காரர் என்றால், பிளாக்செயின் தருவதாகப் பேசப்படும் 'நடுவர் இல்லாத நம்பிக்கை' என்று எதைச் சொல்கிறார்கள்?

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-இல் இறுதி செய்த உணவுத் தடமறியும் விதி பிளாக்செயினைக் கட்டாயமாக்கவில்லை. அது கேட்பது, வரிசைப்படுத்தக்கூடிய ஒரு மின்னணு அட்டவணையை, நிர்வாகம் கேட்ட 24 மணி நேரத்துக்குள். கலிஃபோர்னியாவின் கீரை விளைவிப்போர் அமைப்போ 2019-இல் வேறொன்று செய்தது: திறந்த வாய்க்கால் தண்ணீரைச் சுத்திகரிக்காமல், அறுவடைக்கு முந்தைய 21 நாளில் பயிரின் மேல் தெளிக்கக் கூடாது என்றது.