மரபுரிமைச் சொற்பொழிவுகள்: பேசுவோரும் கேட்போரும்

அம்பாறை மாவட்டக் கரையோர ஊர்களில் மரபுரிமை பற்றிய சொற்பொழிவுகளும் கண்காட்சிகளும் இப்போது அடிக்கடி நடக்கின்றன. பிரதேச இலக்கிய விழா, தமிழ்மொழித் தினம், நூல் வெளியீடு, கழகமொன்றின் ஆண்டு நிறைவு என்று எந்தப் பெயரில் கூட்டம் வைத்தாலும் 'எமது கலாசாரப் பாரம்பரியம்' என்ற தலைப்பு எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. தமிழ் படிப்பிக்கின்ற ஆசிரியை என்ற வகையில் இவற்றிற் பலவற்றுக்கு நான் போயிருக்கிறேன். சிலவற்றில் பேசியும் இருக்கிறேன். ஆகவே இங்கு சொல்லப்போகும் குறைகளில் எனக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சில காலத்துக்கு முன் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் நடந்த கூட்டமொன்றில் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகள் பற்றி ஒருவர் உரையாற்றினார். கிறாஅத், வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிய ஒன்றே முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. பிரதம அதிதி பிந்தி வந்து, முந்திப் போனார். சொற்பொழிவுக்கு மிஞ்சியது அரை மணித்தியாலம். மண்டபத்தின் பின்பக்கம், பெண்களுக்கென்று ஒதுக்கிய கதிரைகளில், எனக்குப் பக்கத்தில் எழுபது எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மூத்தம்மா இருந்தார். பேத்தி பரிசு வாங்குவதைப் பார்க்க வந்தவர்.

சொற்பொழிவாளர் ஒரு கவியை எடுத்து அதை வாசித்தார். காதலனைப் பிரிந்த பெண்ணின் ஏக்கம் என்று பொருள் சொன்னார். சங்கப் பாடல்களின் பாலைத் திணையோடு ஒப்பிட்டார். சபை கை தட்டியது. மூத்தம்மா என் பக்கம் சாய்ந்து, "இது ஏங்கிப் படிக்கிற கவி இல்ல மகள். முதல்ல அவன் ஒரு கவி படிப்பான். அதுக்கு இவ, நீ சொல்றதெல்லாம் பொய், என்ட வாசலுக்கு வராத எண்டு படிக்கிற பதில் இது. அவர் அவன்ட கவிய விட்டுட்டார்" என்றார். பிறகு, "ராகமும் அதில்ல" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

இதை நான் சாதாரணமான ஒரு பிழைதிருத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கவிகளிற் பல ஒன்றுக்கொன்று பதிலாக வருபவை. வட்டையில் காவலிருப்பவனும், அறுவடைக்கு வந்தவர்களும், வீட்டு முற்றத்திலிருந்த பெண்களும் ஒருவருக்கொருவர் சொன்ன வார்த்தைகள் அவை. ஒன்றைத் தனியே பிடுங்கி எடுத்தால் மறுப்பு ஏக்கமாகிவிடும், கிண்டல் கண்ணீராகிவிடும். ஒரு பெண் தன் வாயால் 'மாட்டேன்' என்று சொன்ன கவியை, 'அவர் இல்லாமல் வாழமாட்டேன்' என்று அவள் அழுததாக மேடையிலே விளக்கினோம். அதற்குக் கையும் தட்டினோம். தமிழ்ச் சிறப்புப் பட்டம் பெற்ற நானும் அந்த மூத்தம்மா சொல்லும்வரை அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டுதான் இருந்தேன்.

கேள்விக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. கொடுத்திருந்தாலும் அவர் எழும்பியிருக்க மாட்டார். கூட்டம் முடிந்தபின் "இத நீங்க சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "மைக்குல நிண்டு கவி படிக்கிறதா? என்ட மகன்மார் என்ன சொல்லுவாங்க" என்று சிரித்தார். "எனக்கிட்ட யாரும் கேக்கவும் இல்லயே."

இந்த நிலை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன். முஸ்லிம்களுக்குத் தமிழில் என்ன பங்கு இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய காலம் ஒன்று இருந்தது. ம. மு. உவைஸ் 1953 இல் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டு பற்றிய தனது ஆய்வை நூலாக்கினார். 1966 இல் மருதமுனையிலும் 1979 இல் கொழும்பிலும் இஸ்லாமியத் தமிழிலக்கிய மாநாடுகள் நடந்தன. சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' 1882 இல் வந்தது, 'அஸன்பே சரித்திரம்' 1885 இல் வந்தது, காப்பியங்கள் இத்தனை, கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் மஸ்அலாக்களும் படைப்போர்களும் எங்களிடம் இருக்கின்றன என்று எடுத்துக்காட்டுவது அன்றைக்கு அவசியமாக இருந்தது. எஸ். எச். எம். ஜெமீலின் 'சுவடி ஆற்றுப்படை' போன்ற நூல்விபரப் பட்டியல் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்கள் இன்றைக்கும் இருட்டில்தான் தேடிக்கொண்டிருப்போம். அந்தத் தலைமுறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அச்சு நூலுக்குப் பொருந்திய அந்த முறையை வாய்மொழிக்கும் அப்படியே போட்டுவிட்டோம். நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் உண்டு. மேடையிலிருந்து பட்டியலாகச் சொல்லலாம். கவியும் பொல்லடியும் கல்யாண வீட்டுக் குரவையும் அப்படியானவை அல்ல. அவற்றின் சொந்தக்காரர்கள் கதிரைகளில் இருக்கிறார்கள். நாங்கள் அவர்களுக்கு முன்னாலேயே அவர்களைப் பற்றி, அவர்களிடம் கேளாமல் பேசுகிறோம். பொல்லடி அண்ணாவியாரை மேடையில் ஏற்றினாலும் பத்து நிமிட ஆட்டத்தோடு இறக்கிவிடுகிறோம். அந்த ஆட்டத்தை யாரிடம் பழகினார், எந்தப் பாட்டுக்கு எந்த அடி என்று அவரிடம் கேட்பதில்லை. கண்காட்சி மேசையில் உரல், சுளகு, பன்பாய் எல்லாவற்றையும் வைத்து 'பழைய காலப் பொருட்கள்' என்று எழுதிவிடுகிறோம். சுளகு என் பக்கத்து வீட்டில் இன்றைக்கும் அரிசி புடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கவி படிப்பதும் குரவை இடுவதும் கூடாது என்று எங்களுக்குள்ளேயே பலர் கருதுகிறார்கள். அந்த மார்க்க விவாதத்துக்குள் நான் இங்கு இறங்கவில்லை. ஆனால் அதன் விளைவாகப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததைத் தெரியாதது போல் வைத்துக்கொள்கிறார்கள். மேடை இதைக் கவனியாமல், அவர்களுடைய கவியை ஓர் ஆண் குரலில், ஒலிபெருக்கியில், 'எமது பொக்கிஷம்' என்று ஒலிக்கவிடுகிறது. வீட்டில் வெட்கம், மண்டபத்தில் பெருமை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல இருந்தது சொல்லப்படாமலே போகிறது.

நான் ஒப்புக்கொண்ட பங்கு இதுதான். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்காக எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு சாச்சியிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட கவிகளைக் கேட்டு எழுதினேன். ஆய்வேட்டில் 'தகவலாளர்: வயோதிப மாது' என்று போட்டேன். அவருடைய பெயரைப் போடவில்லை. எந்தக் கவியை யார் யாருக்குப் படித்தது என்றும் குறிக்கவில்லை. நல்ல புள்ளி கிடைத்தது. அவர் இப்போது ஹயாத்தோடு இல்லை. அந்த மூத்தம்மா சொன்னதைக் கேட்ட அன்றிரவு பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எது கேள்வி, எது பதில் என்று எனக்கே தெரியவில்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை.

சொற்பொழிவுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊர்களில் இவற்றை நடத்துபவர்கள் பெரும்பாலும் கைக்காசைப் போட்டு, கதிரை தூக்கி, போஸ்டர் ஒட்டி நடத்துகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது சில சிறிய காரியங்கள்தான். நாட்டார் வழக்காறு பற்றிப் பேச வருபவர் ஒருநாள் முந்தி வந்து ஊரில் நாலு பேரைச் சந்திக்கட்டும். பெண்களிடம் கேட்பதற்குப் பெண்களை அனுப்பட்டும். மேடைக்கு வர விரும்பாதவரை மேடைக்கு இழுக்க வேண்டாம். அவர் அனுமதித்தால் குசினி வாசலில் இருந்து போனில் பதியலாம். பெயர் போட அனுமதித்தால் பெயரையும், இல்லையென்றால் ஊரையும் சந்தர்ப்பத்தையும் எழுதலாம். வரவேற்புரைகளைக் குறைத்து சபைக்கு அரை மணித்தியாலம் விடலாம். பேசியதும் பதிந்ததும் அந்த ஊர் நூலகத்துக்கு ஒரு பிரதியாகவேனும் போய்ச் சேர வேண்டும்.

என் பங்குக்கு இந்த வருடம் தரம் 10 பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரேயொரு கவியைக் கேட்டு, 'இது யார் யாருக்குப் படித்தது, அதற்குப் பதில் என்ன' என்று எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் வெறுங்கையோடு வந்தார்கள். "மூத்தம்மாவுக்கு மறந்து போச்சாம் டீச்சர்" என்றார்கள். ஒருத்தி மட்டும் இரண்டு பக்கம் நிறைய எழுதி வந்தாள். கடைசி வரியில் இப்படி இருந்தது: 'பதில் கவி உண்டு. ஆனால் அதை வாப்பாவுக்கு முன்னால் சொல்ல மாட்டாவாம். வாப்பா கடலுக்குப் போன பிறகு வரச் சொன்னா.'

அவள் மறுபடியும் போயிருக்கிறாள். நான் காத்திருக்கிறேன்.