வண்ணப்படத்தின் கறுப்பு-வெள்ளைப் பதிப்பு

வண்ணத்தில் எடுக்கப்பட்டு வண்ணத்திலேயே திரையரங்குக்கு வந்த ஒரு படத்தை, பின்னர் நிறம் நீக்கி, பெரும்பாலும் வீட்டில் பார்ப்பதற்கான வட்டாக வெளியிடுவதைக் கறுப்பு-வெள்ளைப் பதிப்பு என்கிறோம். ஃபிராங்க் டாரபாண்டின் ‘தி மிஸ்ட்’ (2007), ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ (2015), ஜேம்ஸ் மேன்கோல்டின் ‘லோகன்’ (2017), போங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ (2019) ஆகியவை இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டுகள். இவற்றில் சில திரையரங்குகளிலும் காட்டப்பட்டன. இப்பதிப்புகள் படத்துக்கு எதையாவது சேர்க்கின்றனவா, அல்லது ஒரே சரக்கை இரண்டாம் முறை விற்பதற்கான வழியா என்பதே கேள்வி.

தமிழ் வீடுகளின் அனுபவம்

வண்ணப்படத்தைக் கறுப்பு-வெள்ளையில் பார்ப்பது தமிழ் ரசிகர்களுக்குப் புதிதல்ல. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-இல்தான் வந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் சாலிடேர், டயனோரா போன்ற கறுப்பு-வெள்ளைப் பெட்டிகளே பெரும்பாலான வீடுகளில் இருந்தன. சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும் காவேரிப்பாக்கம் போன்ற ஊர்களில், மாடியில் உயரமான குழாய் நட்டு ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பிடித்த ஞாயிற்றுக்கிழமைப் படம், எவ்வளவு வண்ணமயமானதாக இருந்தாலும், வந்து சேர்ந்தது சாம்பல் நிறத்தில்தான். மேலே நீலம், கீழே பச்சை என வண்ணம் பூசிய பிளாஸ்டிக் தாளைத் திரைக்கு முன் மாட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அன்று அது ஏழ்மை. இன்று அதே சாம்பல் நிறம் சிறப்புப் பதிப்பு என்ற பெயரில் வருகிறது.

இரண்டும் ஒன்றல்ல. வண்ண ஒளிபரப்பில், சிவப்பில் 30 விழுக்காடு, பச்சையில் 59, நீலத்தில் 11 என்ற கணக்கில் கலந்த வெளிச்ச அளவே பழைய பெட்டிக்குப் போதுமானதாக இருந்தது. இந்தக் கணக்கு எல்லாப் படத்துக்கும் ஒன்றே. சிவப்பு அளவு 200 உள்ள சேலையை இது 60 ஆக்கும். பச்சை அளவு 100 உள்ள இலையை 59 ஆக்கும். பளிச்சென்ற சிவப்புச் சேலையும் கரும்பச்சைத் தோப்பும் ஒரே சாம்பலாகிவிடும். பாடல் காட்சியில் கதாநாயகி மரத்தோடு கலந்துபோனது இதனால்தான். ரிமோட்டில் வண்ண அளவைக் குறைத்தால் இன்றும் ஏறத்தாழ இதுவே கிடைக்கும். நல்ல பதிப்பில் நடப்பது வேறு. எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமாக மாற வேண்டும் என்று ஒளிப்பதிவாளரும் வண்ணத் திருத்துநரும் ஒவ்வொரு ஷாட்டாக முடிவு செய்கிறார்கள். நாம் பணம் கொடுப்பது அந்த உழைப்புக்கு.

பெற்றதும் இழந்ததும்

‘தி மிஸ்ட்’ தொடக்கத்திலிருந்தே இயக்குநர் கறுப்பு-வெள்ளையில் விரும்பிய படம். அந்த விருப்பம் நிறைவேறியது 2008-இல் வந்த இரு வட்டுப் பதிப்பில்தான். இங்கே லாபம் கண்கூடு. மூடுபனிக்கு நிறம் தேவையில்லை. கணினியில் செய்த விலங்குகள் வண்ணத்தில் நடிகர்களோடு ஒட்டாமல் தெரியும்; சாம்பலில் இரண்டும் ஒரே உலகத்துக்கு வந்துவிடுகின்றன.

‘ஃப்யூரி ரோடு’ படத்தின் இரவுக் காட்சிகள் பகலில் எடுக்கப்பட்டு நீலமாக்கப்பட்டவை. நிறம் போனதும் அந்த நீலம் வெள்ளி நிலவாகிறது. ஆனால் செம்மணலும் நீலவானமும் மோதிக்கொள்ளும் பகல் காட்சிகள் தங்கள் வெப்பத்தை இழக்கின்றன. மணலில் வெயில் தெரிகிறது, சூடு தெரியவில்லை.

‘பாரசைட்’ இன்னும் நுட்பமான வழக்கு. பாதாள வீட்டின் கறை, ஈரம், சுவரின் சொரசொரப்பு ஆகியவை நிறமற்ற பதிப்பில் கூர்மையாகின்றன. மேட்டு வீட்டின் கண்ணாடியும் வெளிச்சமும் இன்னும் எட்டாதவையாகின்றன. ஆனால் கதையின் ஒரு திருப்பம் முழுக்கச் சிவப்பை நம்பியிருக்கிறது. வேலைக்காரி எறிந்த காகிதத்தில் காரச் சாஸைத் தடவி, அது காசநோயாளியின் இரத்தம் என்று எசமானியை நம்பவைக்கிறார்கள். கறுப்பு-வெள்ளையில் அது வெறும் கருங்கறை. எசமானி அதிர்கிறாள், நாம் அதிர்வதில்லை. மிகக் கவனமான திருத்தத்தாலும் இந்த இழப்பை ஈடுகட்ட முடியாது.

மதிப்பீடு

ஒளியால் எழுதப்பட்ட படம் நிறம் போனாலும் நிற்கும். நிறத்தால் எழுதப்பட்ட படம் நிற்காது. பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவில் வந்த ‘நாயகன்’ (1987) இந்தச் சோதனையைத் தாங்கும். அதில் முகங்கள் பாதி இருளில் இருப்பதற்குக் கதையில் காரணம் இருக்கிறது. ‘கரகாட்டக்காரன்’ (1989) தாங்காது. ஆட்டக்காரர்களின் உடையிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டால் திருவிழாவே போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே கண்ட பதிப்புகளின் பின்னால் படத்தை எடுத்த இயக்குநரே இருக்கிறார். நம் நாட்டில் எதிர்த்திசையில் நடந்தது அப்படியல்ல. 1957-இன் தெலுங்கு ‘மாயாபஜார்’ 2010-இல் வண்ணமேற்றி வெளியிடப்பட்டபோது இயக்குநர் கே.வி. ரெட்டியும் இல்லை, ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியும் இல்லை. வெறும் கறுப்பையும் வெள்ளையையும் கொண்டு பார்ட்லி உண்டாக்கிய நிலவொளியின் மேல், அவரைக் கேட்காமல் பூசப்பட்ட நிறம் அது. நிறம் சேர்ப்பது தவறு, நீக்குவது கலை என்று பிரிக்க முடியாது. முடிவு யாருடையது என்பதைத்தான் பார்க்க வேண்டும். படைத்தவர் செய்தால் அது இன்னொரு வாசிப்பு. உரிமை வாங்கிய நிறுவனம் தானே செய்தால், அது பழைய பிளாஸ்டிக் தாளை மறுபடியும் திரைக்கு முன் மாட்டுவதுதான்.