கம்பளி போர்த்திய யானை

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1952-இல் ஓர் அமெரிக்கக் குழுவோடு சேர்ந்து 'காடு' என்றொரு படம் எடுத்தார். இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர் என்று நடிகர்களும் அங்கிருந்தே வந்து இறங்கினார்கள். யானைக் கூட்டங்கள் மிரண்டு ஊர்களை மிதிக்கின்றன. எதைக் கண்டு மிரண்டன என்று தேடிப் போனால், காட்டின் உட்பகுதியில் பூமியைவிட்டு என்றோ மறைந்துபோன மாமூத்கள் திரிகின்றன. மாமூத்துக்கு எங்கே போவது? நம்மூர் யானைகளைப் பிடித்து, மேலே சடைசடையாக முடியைப் போர்த்தி நடக்கவிட்டார்கள்.

அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. முடி எந்த நொடியில் வழுக்கி விழுமோ என்று எனக்குப் பதறும். அந்தப் பதற்றத்தில் யானையையும் பார்க்கிறேன், மாமூத்தையும் பார்க்கிறேன், நடுவெயிலில் அந்தப் போர்வையைத் தைத்த கையையும் பார்க்கிறேன். ஒரே காட்சியில் மூன்றையும் காட்டுகிற படம் என்னை ஏமாற்றியதாக ஒருநாளும் நான் நினைத்ததில்லை. தமிழில் அறிவியல் புனைவுப் படங்களை முப்பது வருடத்துக்கும் மேலாகத் துரத்தித் துரத்திப் பார்த்த பிறகு நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: கையில் காசு குறைந்தபோதெல்லாம் இந்த வகை நன்றாக இருந்திருக்கிறது. காசு சேர்ந்தபோது யோசிப்பதைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டது.

நான் தாம்பரத்துக்காரன். வித்யா, எம்.ஆர்., நேஷனல், அந்தப் பக்கம் குரோம்பேட்டை வெற்றி, பல்லாவரம் ஜனதா என்று ரயில் தண்டவாளத்தை ஒட்டியே வளர்ந்த ரசனை என்னுடையது. நகரத்து ஏ.சி. தியேட்டர்களில் ஓடி முடித்த படம் எங்களுக்கு வரும். நகரத்துக்குப் போகவே போகாத படமும் வரும். விட்டலாச்சார்யாவின் 'ஜெகன்மோகினி'யில் ஜெயமாலினி பேயாக வந்ததும், இராம. நாராயணன் படங்களில் பாம்பும் குரங்கும் யானையும் சம்பளம் வாங்காத கதாநாயகர்களாக உழைத்ததும் எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் திரும்பத் திரும்ப ஓடின. மாயாஜாலம், அம்மன், பேய், ரோபோ என்று தனித்தனிப் பெட்டி எங்களுக்குக் கிடையாது. நடக்காத ஒன்று நடக்கிறது என்றால் டிக்கெட் எடுத்துவிடுவோம்.

இந்த வகைக்கு வேர் தேடினால் நான் குரோம்பேட்டையைத்தான் காட்டுவேன். 1949-இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி அங்கே இருக்கிறது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கே. எஸ். ரங்கராஜன், அதாவது சுஜாதா, எலெக்ட்ரானிக்ஸ் படித்ததும் அங்கேதான். பறக்கிற வேலையை முடித்துவிட்ட இரண்டு பழைய விமானங்கள் கல்லூரியில் காட்சிக்கு நின்றதையும் அவற்றிடம் தனக்கிருந்த ஈர்ப்பையும் கலாம் தன் வாழ்க்கைக் கதையில் சொல்கிறார். ஓடாத விமானத்தின் பக்கத்தில் நின்று பறப்பதைக் கற்பனை செய்வது சினிமா செட்டில் நடிகன் செய்கிற வேலை. அந்த வளாகத்திலிருந்து ஒருவர் நிஜ ராக்கெட்டுக்குப் போனார், இன்னொருவர் காகிதத்து ராக்கெட்டுக்கு.

இருவரும் ஒரு விசித்திரமான புள்ளியில் சந்திக்கிறார்கள். 1986-இல் வந்த கமலின் 'விக்ரம்' சுஜாதாவின் கதை. அதில் கடத்தப்படும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்திரன். கலாமின் குழு நிஜமான அக்னியைச் சண்டிப்பூரிலிருந்து ஏவியது 1989 மே 22-இல். மூன்று வருடம் முந்திக்கொண்டது சினிமா. ஆனாலும் 'விக்ரம்' எனக்கு நெருக்கமான படம் இல்லை. அன்றைய கணக்குக்கு அது பெரிய படம். கம்ப்யூட்டரும் ஏவுகணையுமாக விறுவிறுவென்று கிளம்பிய கதை, சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போனதும் அரண்மனை, ஆட்டம் என்று இளைத்துவிடுகிறது. காசு இருந்ததால்தானே சலாமியா போனார்கள்? காசில்லாமல் இருந்திருந்தால் அக்னிபுத்திரனை மீனம்பாக்கத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கில் ஒளித்திருப்பார்கள். கதை பிழைத்திருக்கும்.

இதைவிட ஆச்சரியமான முந்தல் ஒன்று உண்டு. ககாரின் விண்வெளிக்குப் போய்வந்து இரண்டே வருடத்தில், 1963 ஏப்ரலில், எம்.ஜி.ஆரை வேற்றுக்கிரகத்துக்கு அனுப்பியது 'கலை அரசி'. இந்தியா தும்பாவிலிருந்து தன் முதல் ராக்கெட்டை விட்டது அதே வருடம் நவம்பர் 21-இல்தான். ஏ. காசிலிங்கம் இயக்கிய அந்தப் படத்தின் கதையை ஒரு நிமிடம் நிறுத்திக் கவனிக்க வேண்டும். விஞ்ஞானத்தில் எல்லாம் சாதித்துவிட்ட ஒரு கிரகம். அவர்களிடம் இல்லாதது பாட்டு. பூமிக்கு வந்து, நன்றாகப் பாடுகிற ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தங்கள் ஆட்களுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க! தூக்கப்படுகிறவர் பி. பானுமதி. தூக்குகிறவர் எம். என். நம்பியார். அந்தக் காலத்து ஹாலிவுட்டில் வேற்றுக்கிரகத்தார் பெரும்பாலும் நகரத்தை எரிக்க வந்தார்கள், மனித உடம்புக்குள் புகுந்துகொள்ள வந்தார்கள். நம் ஊர்க் கதையில் பாட்டு வாத்தியார் தேடி வந்தார்கள். மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்குகிற ஒரு நகரத்தில்தான் இப்படி ஒரு யோசனை பிறக்கும். பறக்கும் தட்டு தகரம் மாதிரி இருக்கட்டுமே, இந்த யோசனைக்கு ஈடாக வேறொன்றை எனக்கு யாராவது காட்டட்டும்.

இத்தனை செய்த படத்தை நாமே மறந்தோம் என்பதுதான் வருத்தம். 2018-இல் 'டிக் டிக் டிக்' வந்தபோது இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்றே விளம்பரம் செய்தார்கள். ஐம்பத்தைந்து வருடம் முன்பே போய்விட்டு வந்த எம்.ஜி.ஆர். எங்கே போனார்? இந்த வகைப் படங்களை யாரும் வரிசையாக எழுதிவைக்காததால் ஒவ்வொரு தலைமுறையும் தன்னையே முதல் என்று நம்புகிறது. சினிமா வரலாற்றுப் புத்தகங்களில் இவற்றுக்குக் கிடைப்பது ஒரு வரி, அதுவும் 'வித்தியாசமான முயற்சி' என்ற வார்த்தையோடு.

அந்த ஒரு வரிகூடக் கிடைக்காதவர் வேலு பிரபாகரன். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்கத்துக்கு வந்தவர். 1989-இல் 'நாளைய மனிதன்', அடுத்த வருடமே அதன் தொடர்ச்சியாக 'அதிசய மனிதன்'. செத்தவனை எழுப்ப மருந்து கண்டுபிடிக்கும் விஞ்ஞானியாக ஜெய்சங்கர். எழுந்து வந்து கொல்லும் பிணமாக அஜய் ரத்னம். 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பாக்கியோடு ஓடியவர், கர்ணன் எடுத்த கௌபாய் படங்களில் தொப்பி வைத்துக் குதிரை ஏறியவர், அந்த ஜெய்சங்கர் வயதான பிறகு கையில் ஊசியோடு நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் நிறைந்திருந்தது. தமிழில் சின்ன முதலீட்டு வகைப் படங்களின் வரலாற்றை ஜெய்சங்கர் முகத்தை வைத்தே எழுதிவிடலாம். வெள்ளிக்கிழமை நாயகன் என்று அவரைச் சொன்னது சும்மா இல்லை.

'நாளைய மனிதன்' பார்க்க என்னை அழைத்துப்போனவர் மாமா. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது ஆட்டம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. பிணம் கண்ணைத் திறக்கிற இடத்தில் ரீல் அறுந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள். விசில். மாமா மட்டும் ஏதோ கணக்குப் போடுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாமா?”

“இல்லடா, செத்து இத்தனை நேரத்துக்குள்ள ஊசி போடணும்கறான். போஸ்ட்மார்ட்டம் முடிச்சு, கையெழுத்து வாங்கி, பாடியக் கைல குடுக்கறதுக்குள்ள அந்த நேரம் தாண்டிடுமே. அப்ப பணக்காரன் பொணம்தான் எழுந்திரிக்கும்.”

மறுபடி படம் ஓடத் தொடங்கியது. எனக்கு அதற்கப்புறம் பிணத்தைப் பார்த்துப் பயமே வரவில்லை. மாமாவின் கேள்விதான் வீடுவரை வந்தது. அறிவியல் புனைவு என்றால் என்ன என்று பிற்பாடு எத்தனையோ விளக்கங்கள் படித்தேன். புதுசாக ஒரு பொருள் ஊருக்குள் வந்தால் அது யார் கைக்கு முதலில் போகும், யாருக்குப் போய்ச் சேராது என்று கேட்பதற்கு மேல் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தக் கேள்வியை அப்படியே படமாக்கியவர் ஆர். ரவிக்குமார். 'இன்று நேற்று நாளை', 2015. டிஜிட்டல் கேமரா வந்து படச்சுருள் செலவு ஒழிந்த பிறகு, 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துப் பழகிய கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட தயாரிப்பாளர் சி. வி. குமார்தான் இதற்கும் பின்னால் இருந்தார். 2065-இலிருந்து ஒரு கால எந்திரம் 2015-க்கு வந்துவிடுகிறது. கையில் கிடைப்பது வேலைவெட்டி சரியாக அமையாத இரண்டு பேருக்கு. அவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள்? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் ஜோசியக்கடை திறக்கிறார்கள். எந்த நேரத்தில் எங்கே வைத்தார் என்று பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஜாதகம் பார்த்தமாதிரி சொல்லிவிடுகிறார்கள்.

இதைவிடச் சரியாக எங்கள் பகுதியை யாரும் படம் எடுத்ததில்லை. தாம்பரத்திலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் எந்தத் தெருவிலும் ஒரு ஜோசியர் பலகை இருக்கும், அதன் பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கும். இரண்டுக்கும் ஒரே வாடிக்கையாளர்தான். கால எந்திரம் இங்கே வந்தால் சரித்திரத்தை மாற்றப் போகாது, தொலைந்த தாலிச்சங்கிலியைத் தேடப் போகும். பிறகு ஒரு சின்ன மாற்றத்தால் செத்திருக்க வேண்டிய ரவுடி பிழைத்துவிட, கதை இறுகத் தொடங்குகிறது. ஒவ்வொரு முடிச்சும் எழுத்தில் போட்டது. கிராபிக்ஸால் மறைக்க வசதியில்லாததால் திரைக்கதையில் ஓட்டை விடக்கூடாது என்ற கட்டாயம் அவர்களுக்கு இருந்திருக்கிறது.

இந்தப் பாதையில் வந்த கதாநாயகர்களின் பிழைப்பை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குச் சிலிர்க்கும். 'மிருதன்' படத்தில் டிராஃபிக் போலீஸ். '24'-இல் வாட்ச் மெக்கானிக். 'வியாபாரி'யில், குடும்பத்தோடு இருக்க நேரமில்லாததால் தன்னைப்போல இன்னொருவனைச் செய்து வீட்டுக்கு அனுப்பும் முதலாளி. 'மார்க் ஆண்டனி'யில் காலத்தைத் தாண்டும் வண்டி ஒரு பழைய டெலிபோன். பெரிய ஆய்வுக்கூடமோ விண்வெளி நிலையமோ இவர்களுக்குத் தேவைப்படவில்லை. 'மிருதன்' ஜாம்பிகள் தண்ணீரைக் கண்டு ஒதுங்குகிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நோய் ஒரு நாயிலிருந்து தொடங்குகிறது, பிறகு தண்ணீர் பயம். ஜாம்பி என்ற வெளிநாட்டுச் சரக்கை, தெருநாயிடம் கடிபட்டு ஊசிக்கு வரிசையில் நின்றவர்கள் ஊருக்குப் புரிகிற நோயாக மாற்றிவிட்டார் சக்தி சௌந்தர்ராஜன். அவரே பிறகு விண்கல்லை எண்ணூரில் விழவைத்துத் தொடங்கிய 'டிக் டிக் டிக்' பாதிக்கு மேல் விண்வெளிக்குப் போய்விட்டது. நான் எண்ணூரிலேயே இருந்துவிட்டேன்.

பெரிய படங்களை நான் வெறுக்கவில்லை. 'எந்திரன்' வந்த 2010-இல் மூன்று முறை பார்த்தேன். நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் உருண்டையாகவும் பாம்பாகவும் சேருகிற கடைசி அரைமணி நேரம் அல்ல, கொசு வரும் காட்சிதான் எனக்கு அந்தப் படம். கதாநாயகி சனாவைக் கடித்த கொசுவைத் தேடிப் போய், கொசுக்களோடு பேச்சுவார்த்தை நடத்தி, மன்னிப்புக் கேட்கவைக்கக் கூட்டிவருகிறது சிட்டி. கொசுவின் பெயர் ரங்குஸ்கி. அது சுஜாதாவின் செல்லப்பெயர். 2008-இல் போய்விட்ட மனிதருக்கு அத்தனை கோடி செலவழித்த படம் செய்த மரியாதை ஒரு கொசுவில் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பிலிருந்து சாயங்காலம் கிளம்பும் கொசுப் படையை அறிந்த எங்களுக்கு அது வெறும் நகைச்சுவைக் காட்சியாகப் படவில்லை, ரோபோவை முதலில் எதற்குப் பயன்படுத்துவோம் என்பதற்கான நேர்மையான பதிலாகப் பட்டது.

'இன்று நேற்று நாளை' ரவிக்குமாரின் அடுத்த படம் 'அயலான்'. பல வருடம் இழுத்து 2024 பொங்கலுக்கு வந்தது. வேற்றுக்கிரக உயிரி அழகாக அசைகிறது, சித்தார்த் குரலில் பேசுகிறது. குழந்தைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. அதற்கு முன், 2021 நவம்பரில் ஒரே வார இடைவெளியில் இரண்டு காலச்சுழல் படங்கள் வந்தன. 19-ஆம் தேதி சின்னப் படமான 'ஜாங்கோ', 25-ஆம் தேதி சிம்புவின் 'மாநாடு'. 'மாநாடு' நன்றாக எழுதப்பட்ட படம், ஜெயித்தது நியாயம். 'ஜாங்கோ'வைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் போனது மட்டும் எனக்கு ஆறவில்லை.

இப்போது எங்கள் பகுதியில் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று எந்தத் தெருவிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீடுகள் உண்டு. 2022-இல் வந்த 'கூகுள் குட்டப்பா' மலையாளத்திலிருந்து வந்த கதைதான். தனியாக இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள மகன் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து விடுகிறான். அப்பாவாக கே. எஸ். ரவிக்குமார். மூலத்தின் ஆழம் இதில் இல்லை என்பார்கள், எனக்கும் தெரியும். எதிர்வீட்டுப் பெரியவர் அதை டி.வி.யில் பார்த்துவிட்டு மறுநாள் என்னிடம், அந்த மாதிரி ஒன்று என்ன விலை வரும் என்று விசாரித்தார். சும்மா கேட்கவில்லை, நிஜமாகவே விசாரித்தார்.

போன மாதம் பொழிச்சலூரில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் செல்போனில் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விண்கலம் ஒன்று வீட்டுக்கு மேல் வர வேண்டும். கிராபிக்ஸ் செய்யக் காசில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் அந்த மாடிக்கு மேலே வயிறு தெரிகிற உயரத்தில் போகும். மேல்சட்டையில்லாத ஒருவன் அலுமினியத் தாள் ஒட்டிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிமேல் நின்றான். இன்னொருவன் போனில் விமானங்கள் வரும் நேரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் விமானம் வந்தபோது ஹெல்மெட் நழுவிவிட்டது. இரண்டாவதற்குக் கொடியில் காய்ந்த புடவை குறுக்கே பறந்தது. அடுத்ததற்கு இருபது நிமிடம் இருந்தது. நண்பரின் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்துவிட்டு நானும் அந்தப் புடவையை மடித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மேற்கே இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிந்ததும் தொட்டிமேல் நின்றவன் கையை உயர்த்தினான்.