நம்பிக்கையின் விலை: நகமோட்டோவின் கட்டுரை குறித்து ஒரு திறனாய்வு

2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், சத்தோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்துக்கு அதுவே மூல நூல். இறையியல் மாணாக்கர் இதனை ஏன் கற்க வேண்டும் என வினவலாம். இடையில் நின்று காக்கும் ஒருவரை நம்பாமலே மக்கள் கொடுக்கல் வாங்கல் செய்யலாம் என்பதே இதன் மையக் கூற்று. நம்பிக்கையைப் பொருளாகக் கொண்ட எழுத்தை நாம் புறக்கணித்தல் தகாது.

ஆசிரியரின் கவலையில் நியாயம் உண்டு. அதற்கு முந்திய மாதத்தில்தான் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நம் புதுச்சேரியில் இந்தோசீனா வங்கி வெளியிட்ட ரூபாய் நோட்டும் ஒரு வாக்குறுதியே. வாக்குப் பொய்த்தால் எஞ்சுவது வெறுந்தாள். ஆகவே கணக்கை ஒரு நிறுவனத்திடம் விடாமல், பலரும் வைத்திருக்கும் பொது ஏட்டில் பதிக்கலாம் என்பது அறிவுடைய சிந்தனையே.

குறை அடுத்த படியில் உள்ளது. அந்த ஏட்டின் அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? எண்ணற்ற கணிப்பொறிகள் ஒரு புதிரின் விடையை ஓயாமல் ஊகிக்கின்றன. முதலில் கண்டவருக்கு உரிமையும் புது நாணயமும் கிடைக்கின்றன. மற்றவர் செலவிட்ட மின்சாரத்துக்குப் பயன் ஏதுமில்லை. பொறிகள் பெருகினாலும் கணக்கு விரைவதில்லை, புதிர்தான் கடினமாகிறது. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்னும் அளவே நீடிக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இதற்கு ஆண்டுக்குச் செலவாவது ஏறத்தாழ 13,800 கோடி யூனிட், அதாவது உலக மின்நுகர்வில் அரை விழுக்காடு. அதில் பாதிக்குச் சற்று மேல் நீர், காற்று, அணு முதலிய ஆதாரங்களிலிருந்து வருவதாகவும் அவர்கள் கூறுகின்றனர். ஆசிரியரோ இச்செலவைத் தங்கச் சுரங்கத்தில் உழைப்போரின் செலவுக்கு ஒப்பிட்டுக் கடந்து செல்கிறார். தோண்டப்படும் நிலம் யாருடையது என்று அந்த உவமை வினவவில்லை.

அவ்வினாவைப் புதுச்சேரியில் வாழும் நாம் தவிர்க்க இயலாது. நம் விளக்குகளை ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பங்கு நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலிருந்து வருகிறது. 2023 ஜூலையில் அச்சுரங்கத்தின் கால்வாய்க்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிர் அழிக்கப்பட்டது. அதைப் பிட்காயின் செய்தது என்று நாம் கூறவரவில்லை. மின்சாரத்தின் விலையை அதனால் பயன்பெறாதவரும் செலுத்துகின்றனர் என்பதே நம் கருத்து.

இச்செலவு தவிர்க்க முடியாததும் அன்று. எத்தீரியம் என்னும் மற்றொரு வலையமைப்பு 2022 செப்டம்பர் 15இல் புதிர்ப் போட்டியைக் கைவிட்டு, பங்கேற்போரின் நாணயத்தையே பிணையாகப் பெறும் முறைக்கு மாறியது. அதன் மின்நுகர்வு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. செல்வம் மிக்கவருக்கே வாய்ப்பு மிகுதி என்னும் குறை அங்கும் எஞ்சுகிறது.

எருசலேமின் எளியோருக்கான காணிக்கையைச் சேர்த்தபோது, தம்மை மட்டும் நம்புமாறு பவுல் கேட்கவில்லை. பிறர் குறைகூற இடமிராதபடி, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனை உடன் சேர்த்துக்கொண்டார் (2 கொரி. 8:18–21). ஐயத்தை அவர் இகழவில்லை. அதற்குச் சாட்சிகளை நிறுத்தினார். நகமோட்டோவும் ஐயத்தைச் சரியாகவே கண்டார். ஆயினும் அதைத் தீர்க்கும் செலவு எவர் தலையில் விழும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாக அவ்வொன்பது பக்கங்களில் நாம் காணவில்லை.