மிஸ்திரால்: அச்செழுத்தில் கையெழுத்து நடை

பேச்சில் நடை வேறுபடுவது போல எழுத்தின் உருவிலும் நடை வேறுபடும். இதற்குத் தக்க சான்று மிஸ்திரால் என்னும் உரோமன் எழுத்துரு. பிரெஞ்சுக் கலைஞர் ரோஜே எக்ஸ்கோஃபோன் தம் கையெழுத்தை அடியாகக் கொண்டு அமைத்த இதனை, மார்செய் நகரின் ஒலிவ் எழுத்து வார்ப்பகம் 1953இல் வெளியிட்டது. தென்பிரான்சில் வீசும் கடுங்காற்றின் பெயரே இதன் பெயர்.

தனித்தனி ஈய அச்சுகளாக வார்க்கப்பட்டும் இதன் சிற்றெழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து ஓடுகின்றன. அவற்றின் அடிகள் ஒரே கோட்டில் நில்லாமையால் விரைந்து எழுதிய தோற்றம் கிட்டுகிறது. ஆயினும் கையெழுத்தில் ஓர் எழுத்து இருமுறை ஒன்றுபோல் அமைவதில்லை. இங்கோ அதே வடிவம் மீள்கிறது. நீண்ட பத்தியில் இவ்வொருமை வெளிப்பட, இயல்பு செயற்கையாகிவிடுகிறது. கடைப்பெயர், அழைப்பிதழ், விளம்பரத் தலைப்பு போன்ற குறுந்தொடர்களே இதற்குரிய களம்.

அத்தொடர்களைத் தமிழாக்குவோர் கருதத்தக்கது ஒன்றுண்டு. தமிழ் எழுத்துகள் தனித்து நிற்பவை; ஓடும் இணைப்பால் நெருக்கத்தைக் காட்டுதல் அவற்றில் அரிது. எனவே வடிவம் சுமந்த நெருக்கத்தைச் சொல்லே ஏற்க வேண்டும். நேரெழுத்தில் அமைந்த வரவேற்புத் தொடருக்கு ‘வருக’ பொருந்தும். மிஸ்திராலில் அமைந்ததற்கு ‘வாங்க’ என்பதே பொருந்தும். எழுத்துருவைப் படியாத மொழிபெயர்ப்பு, பொருளைத் தந்து குரலை இழக்கிறது.